மாமாவுக்கு விழாத ஓட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில் யாருக்கு மேல் யார் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே மனப்பாடம். பண்டாரவளையிலிருந்து மாதம் ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வரும் போதகர்தான் எல்லோருக்கும் பெரியவர். அப்புத்தளைப் பக்கத்தில் எங்களுடையதோடு சேர்த்து ஆறு கோயில்களை அவர் பார்க்க வேண்டும். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் பிரசங்கம் செய்வார். ஆனால் அப்பமும் திராட்சரசமுமான திருவிருந்தைக் கொடுக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அவருக்கு அடுத்தவர் மூப்பர். திருவிருந்தன்று கிண்ணத் தட்டை ஏந்தி வருவதும், கோயில் சாவியை வைத்திருப்பதும், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் அவர் வேலை. அந்த மூப்பர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

மலையிலும் அவர்தான் கங்காணி. கொழுந்து நிறுக்கும்போது ஈரம் என்று சொல்லி ஆளுக்கு இரண்டு கிலோ கழித்துவிடுவார். தங்கையாயிற்றே என்று அம்மாவுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த விஷயத்தில் மட்டும் மகா நியாயவான். மூன்று வருடத்துக்கு ஒரு முறை மூப்பர் தேர்தல் வரும். உபதேசியார் மாமாவின் பெயரைச் சொல்ல, மாமா எழுந்து திரும்பி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது போலச் சபையைப் பார்ப்பார். எல்லாக் கைகளும் மேலே போய்விடும்.

அந்த வருடம் வந்த புதுப் போதகர், கை தூக்க வேண்டாம், சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றார். பெண்களும் நிற்கலாம் என்றார். உடனே பெண்கள் பக்கத்திலிருந்து அம்மாவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அம்மா பதறி எழுந்தாள்.

"அண்ணன் இருக்கும்போது நான் எதுக்குங்க?"

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் சங்கீதங்களில் பாதி வாயில் இருந்தது. லயத்து வரிசை வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சியோடு போய் நிற்பாள்.

எழுதத் தெரியாதவர்களுக்கு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளான நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். "காதுல சொல்றத அப்படியே எழுதணும். வெளிய மூச்சு விடக்கூடாது" என்றார் போதகர். என்னிடம் நாலு பெண்கள் வந்தார்கள். நாலு பேரும் அம்மாவின் பெயரைத்தான் சொன்னார்கள். ஐந்தாவதாக அம்மாவே வந்து குனிந்தாள்.

"மாமா பேர எழுது."

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் சபையின் பெண்கள் சங்கத்திலும் வாலிபர் சங்கத்திலும் தேர்தலுக்கு நிற்பவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார். எதிரில் நிற்பவருக்குத்தான் தன் ஓட்டைப் போடுவார். அதுதான் மரியாதை. ஆனால் எனக்கோ அம்மா கிண்ணத் தட்டை ஏந்தி வருவதைப் பார்க்க வேண்டும். ஒரு ஓட்டில் அது போய்விட்டால்? போதாததற்கு அந்த இரண்டு கிலோ வேறு மனதில் இருந்தது. அம்மாவின் பெயரை எழுதி நீட்டினேன். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள்.

எல்லாம் ஒளிவுமறைவில்லாமல் நடக்க வேண்டும் என்று போதகர் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அம்மாவின் பெயர். மறுபடியும் அம்மாவின் பெயர். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. பத்து சீட்டு ஆனபோது மாமா பக்கம் யாரும் பார்க்கவில்லை. அவருக்கென்று ஒரு ஓட்டுப் போட அத்தைகூட ஊரில் இல்லை, குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். கடைசியான இருபத்தெட்டாவது சீட்டும் அம்மாவின் பெயர்தான். மாமாவும் அம்மாவுக்கே போட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் சபைக்குத் தெரிந்தது. அம்மா மாமாவுக்குப் போடவில்லை என்பதும் தெரிந்தது.

"தன் பேரையே போட்டுக்கிட்டாளே!" என்றாள் பின்னால் ஒருத்தி. என்னிடம் வந்து அம்மாவின் பெயரைச் சொன்ன நாலு பேரில் அவளும் ஒருத்தி.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி என் தலையில் விழுந்திருக்கும். அவள் சொல்லவில்லை. மாமா சட்டைப்பையிலிருந்து கோயில் சாவியை எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்கு இருபத்தேழு ஓட்டு போனது பெரிதல்ல, ஒன்று போனதுதான் பெரிது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து மலையில் மாமா அம்மாவிடம் கிலோவைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவளுடைய கொழுந்தில் ஈரம் கழிப்பதையும் நிறுத்திவிட்டார். இரண்டு கிலோ லாபம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அம்மா அதற்குத்தான் அழுதாள்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் அம்மா என் பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா பேர எப்படி எழுதுறது? காட்டு."

எழுதிக் காட்டினேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் பென்சிலை இறுக்கிப் பிடித்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். மூப்பராகிவிட்டாளே, படிப்பில் ஆசை வந்துவிட்டது என்று நினைத்து, உன் பெயரையும் எழுதித் தரட்டுமா என்று கேட்டேன்.

"அது வேணாம்" என்றாள்.