தொட்டிக்குள் பேச்சு நிற்கக் கூடாது

என் சித்தி தரைக்கு மேலே இருக்கும்போது அதிகம் பேச மாட்டாள். "சாப்பிட்டியா", "பஸ் போயிடுச்சா", "அந்த வாளியை நகர்த்து". அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிவிட்டால் மட்டும் வாய் ஓயாது. அது சுபாவம் அல்ல, அவள் தொழிலின் விதி.

அம்மாவுக்கு அடுத்துப் பிறந்தவள். முப்பத்தெட்டு வயது. வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறாள். மூடியே கிடக்கும் தொட்டிக்குள் காற்று எப்போது கெடும் என்று சொல்ல முடியாது. அதனால் காலையிலேயே மூடியைத் திறந்து வைப்பாள், தொட்டி வாயின் ஓரத்தில் மேசை விசிறி ஒன்றை ஓட விடுவாள். அதற்குப் பிறகும் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்க மாட்டாள். கயிற்றின் மறுமுனை மேலே ஒருவர் கையில் இருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் மேலே இருப்பவர் கூப்பிட வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் இழுக்க வேண்டும்.

வழக்கமாகக் கயிறு பிடிப்பது சித்தப்பா. டெலிவரி வேன் ஓட்டுகிறவர், லீவு நாளில் உதவிக்கு வருவார். அன்றைக்கு முந்தின நாள் வேனிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, கணுக்கால் வீங்கிப் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் சித்தி எனக்குப் போன் செய்தாள். "நாளைக்கு உனக்கு ஏதும் வேலை இருக்கா?" என்று கேட்டாள். படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் இருப்பவளிடம் இப்படிக் கேட்பது ஒரு மரியாதைதான்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் ஆள் என்பதால், அடுத்து என்ன செய்வது என்று கேட்க எனக்கு முன்னால் யாரும் இல்லை. வணிகவியல் படித்தேன். "தொழில்முனைவோரின் பண்புகள் யாவை?" என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன். துணிவு, தொலைநோக்கு, லாப நோக்கு, புதுமை நாட்டம் என்று எழுதினேன். எழுதும்போது ஒரு தொழில்முனைவோரையாவது எனக்குத் தெரியுமா என்று நான் யோசிக்கவில்லை. சித்தி அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். அவளை நான் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துக்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் போன குடியிருப்பில் ஆறு பிளாக்குகள். ஒவ்வொன்றுக்கும் நிலத்துக்கு அடியில் ஒரு பெரிய தொட்டி. சோதனையாக ஒரு பிளாக்கைச் சித்தியிடம் கொடுத்திருந்தார்கள். நான்கு மணிக்குத் தண்ணீர் லாரி வரும், அதற்குள் முடிக்க வேண்டும். திருப்தியாக இருந்தால் ஆறு பிளாக்கும் வருடம் முழுக்க அவளுக்கு. அது கிடைத்தால் இந்தத் தொழில் நிலைத்து நிற்கும். கிடைக்காவிட்டால் என்ன என்பதும் தயாராக இருந்தது. சித்தி முன்பு வேலை பார்த்த துப்புரவு கம்பெனியின் மேனேஜர் அவளைச் சூப்பர்வைசராகத் திரும்பக் கூப்பிட்டிருந்தார். மாதச் சம்பளம், உட்கார நாற்காலி. அன்று மாலை ஐந்து மணிக்குப் போன் செய்வேன், வருகிறாயா இல்லையா என்று சொல்லிவிடு என்றிருந்தார். அம்மா 'போ' என்றாள். என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தொட்டியின் வாய் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத்தான் இருந்தது. சித்தி கயிற்றை இடுப்பில் இறுக்கி, முடிச்சை என்னிடம் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்லி, ஏணியில் இறங்கினாள். மோட்டார் ஏற்கெனவே தண்ணீரை இறைத்து, முழங்காலுக்குக் கீழே கொண்டு வந்திருந்தது. கறுப்பாக ஏதோ மிதந்தது.

"கயிறு பிடிச்சிருக்கியா, இல்ல போன் பாக்கறியா?" குரல் சுவரில் மோதி இரண்டு மடங்காக மேலே வந்தது.

"பிடிச்சிருக்கேன் சித்தி."

"உங்க சித்தப்பா பிடிக்கறப்ப தூங்கிடுவாரு. நான் இருமினா முழிச்சுக்குவாரு. ஒருநாள் நான் முடியலடா சாமி, நீ எறங்குன்னேன். இந்த ஓட்டையில தொப்பை நுழையல. பாதியில மாட்டிக்கிட்டாரு. மேல நாலு பேரு இழுக்க, கீழ நான் தள்ள."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அந்த வீட்டுக்காரம்மா, ரெண்டு பேருக்கும் சேர்த்துக் காசு கேக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க."

பிரஷ் சுவரைத் தேய்க்கும் சத்தத்தோடு பேச்சு வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் அவளிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைவிட அந்த ஒரு முற்பகலில் அதிகம் தெரிந்துகொண்டேன். நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பேச்சு நிற்கக் கூடாது என்பதற்காக, கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் கூட்டிப் பெருக்கினாள். அந்த மேனேஜரின் கம்பெனி மூலமாகத்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மாடிக்குப் போவார்கள். தொட்டியின் மேல் 'சுத்தம் செய்த நாள்' என்று எழுதியிருக்கும் இடத்தில் பழைய தேதிக்கு மேல் வெள்ளை அடித்துப் புதுத் தேதி எழுதுவார்கள். இறங்கி வந்து டீ குடிப்பார்கள்.

"பெயின்ட் ஈரமா இருக்கும். மூடியில துரு அப்படியே இருக்கும். தெறக்கவே இல்லன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். ஏம்மா, உன்கிட்ட குடுத்தது துடைப்பம், தேதியை நாங்க பாத்துக்கறோம்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"துடைப்பத்தை எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வேற என்ன செய்ய?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு அவளே ஏறிக் கழுவியிருக்கிறாள். கயிறு பிடித்தது என் அம்மாவாம். இது எனக்கு அன்றுவரை தெரியாது.

"உங்கம்மா பயத்துல கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சா. நான் உள்ள பேசினா, பேசாதடி, யாராவது கேட்டுடப் போறாங்கங்கறா. பேசலன்னா, இருக்கியாடி இருக்கியாடின்னு அழறா."

திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சித்தி மட்டும் குழாய்க்குப் போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தாளாம். ஒரே ஒரு டீச்சர், அவள் கையில் கொப்புளம் எழும்பியிருப்பதைப் பார்த்து விசாரித்து, என் வீட்டுத் தொட்டியையும் கழுவித் தருவாயா என்று கேட்டிருக்கிறார். அப்படி ஆரம்பித்து இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்தாள். ஏழு மாதத்துக்கு முன்புதான் பள்ளி வேலையை விட்டாள்.

தோல்விகளையும் மறைக்கவில்லை. முதல் சில வீடுகளில், அள்ளிய சகதியை வாளியோடு கொண்டுபோய் வாசலில் வைத்துக் காட்டியிருக்கிறாள், வேலை செய்ததற்குச் சாட்சியாக. ஒரு வீட்டுக்காரர் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பதைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பிறகு அந்தத் தெருவிலேயே யாரும் கூப்பிடவில்லை. "இவ்வளவு நாளா இதைத்தான் குடிச்சீங்கன்னு சொன்னா எவனுக்குப் பிடிக்கும்? அது எனக்கு உறைக்க நாலு வீடு போயிடுச்சு."

மதியம் ஒன்றரை மணிக்குச் சுவர்கள் முடிந்து, தரையிலும் பாதி முடிந்திருந்தது. கழுவிய பக்கம் மருந்து தெளித்து வெளுத்துக் கிடந்தது. மறுபக்கத்துச் சகதியை வாளியில் அள்ளி ஏணிப் பக்கம் கொண்டு வருவாள், நான் தனிக் கயிற்றில் இழுத்து மேலே கொட்டுவேன். நேரம் நிறைய இருந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது போல. கல்லூரிக்காரி மாதிரி ஒரு கேள்வி கேட்டேன்.

"சித்தி, அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் எத்தனையோ பேரு வேலை பாத்தாங்க. எல்லாருக்கும் அந்தத் தேதி தெரியும். நீங்க மட்டும் ஏன் இதுல எறங்கினீங்க?"

பிரஷ் சத்தம் நின்றது. பேச்சும் நின்றது.

"சித்தி?"

பதில் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஏழு வரை எண்ணினேனா என்பதே சந்தேகம். எட்டிப் பார்த்தால் இருட்டில் அவள் அசையாமல் நிற்பது மட்டும் தெரிந்தது. இடுப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தேன்.

உள்ளே ஒரு அலறல், ஒரு மடார் சத்தம்.

"அடியேய், விடுடி. யோசிச்சிட்டு நின்னேன்."

"யோசிக்கறதா இருந்தா மேல வந்து யோசிங்க."

"நீதான கேட்ட? பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா, படிச்ச பொண்ணு ஆறுலயே அவசரப்படற."

பிறகுதான் மடார் என்றது என்ன என்று தெரிந்தது. பிரஷை வைத்துவிட்டு அவள் தூக்கிய சகதி வாளி நிறைந்தபடி கையில் இருந்திருக்கிறது. நான் இழுத்த வேகத்தில் அது கழுவி முடித்த பக்கம் போய் விழுந்து, தரையெல்லாம் ஓடி, சுவரில் இடுப்புயரத்துக்குத் தெறித்திருந்தது. காலையிலிருந்து செய்த வேலையில் பாதி அதன் அடியில் கிடந்தது.

சித்தி என்னைத் திட்டவில்லை. விழுந்த வாளியை நிமிர்த்தி வைத்தாள். "நாலு மணிக்கு முடியாது," என்றாள். "போய் செக்ரெட்டரியைக் கூட்டிட்டு வா. லாரி வந்த பிறகு சொல்றதைவிட இப்பவே சொல்லிடலாம்."

குடியிருப்புச் சங்கத்தின் செக்ரெட்டரி ஓய்வுபெற்ற மனிதர், மதியத் தூக்கத்தில் இருந்து எழுந்து வந்தார். சித்தி ஏணியில் நின்று தலையை மட்டும் வெளியே நீட்டி நடந்ததைச் சொன்னாள். இழுத்தது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாளி விழுந்துவிட்டது என்றாள்.

"ஏம்மா, லாரிக்காரன் நாலு மணிக்குக் கொட்டலன்னா போயிடுவான். திரும்ப ஆறு மணிக்குத்தான் வருவான். நாப்பது வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது? மேலோட்டமா அலசி விட்டுடு. சுவரெல்லாம் தேய்ச்சாச்சுல்ல? உள்ள எவன் எறங்கிப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே சார்."

"நான் ஒண்ணும் குறையாச் சொல்ல மாட்டேன். மத்த பிளாக்கையும் யோசிச்சுக்கோ."

"லாரியை ஆறு மணிக்கே வரச் சொல்லிடுங்க சார்," என்று சொல்லிவிட்டு சித்தி இறங்கினாள்.

நான் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் உள்ளங்கையில் கயிறு கீறிய இடம் எரிந்தது. ஆறு பிளாக்கும் என் கையால் போயிற்று என்பதைவிட எனக்கு வேறொன்று உறுத்தியது. அவர் சொன்ன மாதிரி அலசி விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று நானும் ஒரு கணம் நினைத்திருந்தேன். நான் மட்டும் அந்த ஏணியில் நின்றிருந்தால் 'சரி சார்' என்றிருப்பேன். அதற்கும் துணிவு, தொலைநோக்கு என்று ஒரு பெயர் வைத்திருப்பேன்.

கீழே பிரஷ் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பேச்சும்.

"நீ கேட்டல்ல, ஏன் எறங்கினேன்னு. சொல்றேன், கயிறை மட்டும் இழுத்துடாத."

"சொல்லுங்க."

"பதினோரு வருஷம் கூட்டினேன். சாயங்காலம் பளிச்சுன்னு விட்டுட்டு வருவேன். காலைல போனா அதே குப்பை. ஒருநாள்கூட ஒரு வேலை முடிஞ்சுதுன்னு நான் பாத்ததில்ல. தொட்டி அப்படியில்லடி. மூடி போட்டுட்டா ஆறு மாசம் நிக்கும். நான் வீட்ல தூங்கறப்பவும் அது சுத்தமா நின்னுட்டிருக்கும். அந்தப் பள்ளிக்கூடத்துத் தொட்டியை மூடினப்பதான் அது எனக்குத் தெரிஞ்சுது. அந்த ருசி விடல."

"அவ்வளவுதானா?"

"உனக்குப் பத்தலையா? வேணும்னா இன்னொண்ணும் எழுதிக்கோ. உள்ள எறங்கிட்டா எவனும் ஏம்மான்னு கூப்பிட முடியாது."

நான் படித்த பாடத்தில் எந்தத் தலைப்பின் கீழ் இதைச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. தன் வேலை ஆறு மாதம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுவது லாப நோக்கா? பிடிவாதம் என்றால் அது வெறும் பிடிவாதமாகவும் தெரியவில்லை.

நான்கு மணிக்கு லாரி வந்து, ஹாரன் அடித்து, திரும்பிப் போனது. மாடிகளில் இருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார், எனக்குத் தெரியாதது போல. செக்ரெட்டரி இரண்டு தடவை வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை வந்தபோது அதைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்குச் சித்தியின் போன் அடித்தது. அது என் மடியில் இருந்தது.

"யாருடி?"

"மேனேஜர்."

"என் கை பூரா சேறு. நீ எடுத்து, நான் வரலன்னு சொல்லு."

நான் எடுக்கவில்லை. "சித்தி, இந்த பிளாக்கெல்லாம் இனி கிடைக்கும்னு தோணல. அப்புறமா பேசறாங்கன்னு சொல்லட்டுமா? நாளைக்கு யோசிச்சு..."

"எடுடி, நின்னுடப் போகுது."

எடுத்தேன். சித்தி வரவில்லையாம் என்றேன். யார் பேசுகிறது என்று கேட்டார். அவங்க அக்கா பொண்ணு என்றேன்.

"மாசாமாசம் சம்பளம்மா. வயசாகுது அவங்களுக்கு. நல்லா யோசிக்கச் சொல்லு."

"யோசிச்சாங்க சார். மதியமே நின்னு யோசிச்சாங்க," என்றேன். தொட்டிக்குள் சித்தி சிரிப்பது கேட்டது. நான் அவளுக்காகப் பேசினேனா, எனக்காகப் பேசினேனா என்று தெரியவில்லை. போனை மடியில் வைத்துவிட்டுக் கயிற்றை மறுபடி இரண்டு கையாலும் பிடித்தேன்.

ஐந்தே முக்காலுக்கு மேலே வந்தாள். செக்ரெட்டரி டார்ச்சோடு வந்து குனிந்து, மூலைமூலையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மற்ற ஐந்து பிளாக்கையும் அரை நாளில் முடிக்கிற வேறு பார்ட்டிக்குக் கொடுக்கலாம் என்று கமிட்டி நினைப்பதாகச் சொன்னார். சித்தி தலையை ஆட்டினாள்.

"இந்த பிளாக்கை மட்டும் நீயே வருஷம் முழுக்கப் பாத்துக்கோம்மா."

"இது யாரு இருக்கற பிளாக் சார்?"

அவர் டார்ச்சை அணைத்தார். "நான் இருக்கறது," என்றார்.

சித்தி சிரிக்கவில்லை. ஆறு மாதம் கழித்து வருகிற தேதியைச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னாள்.

வாளிகளையும் விசிறியையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அவள் புடவை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்த கட்டடத்தின் கேட் முன்னால் நின்றுவிட்டாள். வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே முற்றத்தில் ஒரு சிமென்ட் மூடி, அதன் மேல் யாரோ நாலைந்து பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, இந்தத் தொட்டியை எப்ப கழுவினாங்க?" என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"தெரியலையேம்மா. நான் வந்து மூணு வருஷம் ஆச்சு."

"செக்ரெட்டரி வீடு எந்த மாடி?"