வெள்ளிக்கிழமை அழிக்காத ஹார்ட் டிஸ்க்

என் வீட்டுக்காரருக்கு பல்பு மாற்றத் தெரியாது. ஸ்டூலில் ஏறினால் கால் நடுங்கும். ஆனால் கம்ப்யூட்டர் என்று யாராவது வாயெடுத்தால் போதும், தான் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் என்பதை மறந்து டாக்டராகிவிடுவார். மாதாமாதம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்குவார். கூடவே ஒரு சிடி இலவசமாக வரும். அந்த சிடிகளை மொட்டை மாடியில் வடாம் காயும்போது காக்கா விரட்ட நான் கட்டித் தொங்கவிடுவேன். ஒன்றை மட்டும் தொடவிடவில்லை. அதில் விண்டோஸ் இல்லாமலே கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இருக்கிறதாம், பொடி லினக்ஸ், எவ்வளவு பழைய மெஷினிலும் ஓடுமாம்.

"இது இருந்தா கட்டையில போற கம்ப்யூட்டரைக்கூட எழுப்பி உக்கார வெச்சிடலாம்" என்றார்.

"முதல்ல நம்ம மிக்ஸியை எழுப்புங்க" என்றேன்.

அப்போது தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் குடியிருந்தோம். எதிர் வீட்டுப் பெண்ணின் கணவர் ஷார்ஜாவில் ஒரு கடையில் வேலை பார்த்தார். அவர் விமானம் ஏறும்போது அவளுக்கு ஐந்து மாதம். பெண் குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். அதில் அவள் பிள்ளையை வீடியோ எடுப்பாள். கேமராவில் இடம் கொஞ்சம்தான். நிரம்பியதும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு கேமராவைக் காலி செய்துவிடுவாள். டெலிபோன் லைனில் வீடியோ அனுப்புவதெல்லாம் அன்றைக்கு நடக்கிற காரியமா? ஒரு போட்டோ போய்ச் சேர்வதற்குள் உலை வைத்து சோறு வடித்துவிடலாம். அவர் லீவில் வரும்போது எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுக் காட்ட வேண்டும், அதுதான் அவள் ஆசை. ஆக, அந்தப் பிள்ளை வளர்ந்த கதை முழுக்க அந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தது.

அவர் வர ஒரு மாதம் இருக்கும்போது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வைரஸ். ஆன் செய்தால் பாதியில் நின்றுவிடும். சர்வீஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணிடலாம்" என்றாராம். தலைவலிக்கும் ஃபார்மட், வயிற்றுவலிக்கும் ஃபார்மட், அவர்களுக்குத் தெரிந்த கஷாயம் அது ஒன்றுதான். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றதும் அவள் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"சார், என் பிள்ளை இதுக்குள்ளதான் இருக்கு. எப்படியாவது எடுத்துக் குடுங்க."

என் வீட்டுக்காரர் முகத்தில் தீபாவளி. அன்று வெள்ளிக்கிழமை. பள்ளிவாசலில் பாங்கு சொல்ல, நான் விளக்கேற்ற, அவள் வீட்டுக்குப் போய்த் தொழுதுவிட்டு வர, இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சிடியைப் போட்டார். அந்தப் பொடி லினக்ஸ் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே எழுந்து வந்தது. விருந்தாளி மாதிரி, வந்த சுவடு தெரியாமல் போய்விடுமாம். டிஸ்க்கைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வீடியோவின் பெயரும் வரிசையாக நின்றது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. மனுஷன் சாதித்துவிட்டாரே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தோடு எழுந்திருக்கலாம் அல்லவா? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

"சிடியில ஓட்டினா வீடியோ விக்கி விக்கித்தான் ஓடும். டிஸ்க்குலயே ஏத்திடறேன். அப்புறம் பாரு, குதிரை மாதிரி ஓடும்" என்று எதையெதையோ தட்டினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா என்று கேட்பதைப் புரிந்துகொள்ள அது போதும்.

"ஏங்க, அழிக்கவான்னு கேக்குதே?"

"பழைய சிஸ்டத்தைச் சொல்லுது. புதுசா நடணும்னா மொதல்ல உழ வேண்டாமா? வீடியோவெல்லாம் தனியா ஒரு பக்கம் இருக்கும். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

திருவையாறு பக்கம் இவர்களுக்கு நிலம் இருந்தது. பையனின் இன்ஜினியரிங் படிப்புக்காக விற்றோம். நிலம் இருந்த காலத்தில் இவர் ஏர் பிடித்ததைப் பார்த்தவர்கள் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது. விற்ற பிறகுதான் பேச்சுக்குப் பேச்சு உழவு.

"அதெல்லாம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை, விளக்கு வெச்ச நேரம். இந்த வீட்டுல இப்ப எதையும் அழிக்கக் கூடாது" என்றேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைந்திருக்கிறது என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அப்படிப்பட்ட நாளில் அழி என்று ஒரு பொத்தானை அழுத்துவதா?

"கம்ப்யூட்டருக்கு ஏது வெள்ளிக்கிழமை?"

"அதுக்கு இல்லாட்டி போகுது. எனக்கு இருக்கு."

"எங்களுக்கும் வெள்ளிக்கிழமை விசேஷம்தானே சார். அக்கா சொல்றதைக் கேளுங்க" என்று அவளும் சேர்ந்துகொண்டாள். என் ஒரு வெள்ளிக்கிழமையை இவர் சமாளித்திருப்பார். இரண்டு வெள்ளிக்கிழமைகளை எதிர்க்க முடியவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கம்ப்யூட்டரை நிறுத்தினார். அவள் பெட்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் பத்திரிகையை எடுத்து மறுபடி படித்தார். காபி ஆறிப்போனது. மனுஷன் அசையவில்லை.

"என்னங்க?"

"அந்த டிஸ்க்கைப் பாகமே பிரிக்கல. எல்லாம் ஒரே பாகமா இருக்கு. நேத்து அழுத்தியிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

நான் வாசலுக்கு வந்தேன். எதிர் வீட்டு வாசலில் அந்தப் பிள்ளை ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. இவரைத் திட்ட வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வழியில் ஏற்றினார். "உழவே வேணாம். சம்பா அறுக்கறதுக்கு முன்னாடி, நெல்லு நிக்கறப்பவே ஈரத்துல உளுந்து தெளிக்கறோம்ல, அந்த மாதிரி. பழசு பாட்டுக்கு நிக்கட்டும். ஒரு ஓரமா ஒரு ஃபோல்டர்ல லினக்ஸைப் போட்டு வைக்கலாம்" என்றார். இதையும் இவர் கையால் செய்ததில்லை, ஆள் வைத்துச் செய்ததுதான். ஆனாலும் இந்தத் தடவை எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆன் செய்ததும் பழசா புதுசா என்று கேட்டது. புதுசு என்றார். சிடி இல்லாமலே எழுந்து வந்தது, வீடியோவும் விக்காமல் ஓடியது.

பிள்ளை மட்டும்தான் படத்தில். அவள் எப்போதும் கேமராவுக்குப் பின்னால். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். குரல் மட்டும் கேட்கும்: "அத்தாவப் பாரு. அத்தாவுக்குச் சிரிச்சுக் காட்டு. அத்தாகிட்ட நடந்து வா." பிள்ளை கேமராவைப் பார்த்துச் சிரிக்கும். கடைசி வீடியோக்களில் கேமராவைப் பார்த்து "அத்தா" என்று சொல்லவும் பழகியிருந்தது. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அவள் கணவர் லீவில் வந்து சேர்ந்தார். பெட்டி நிறைய பொம்மை. பிள்ளை அவரைக் கண்டதும் வீறிட்டு, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "புது ஆள்தானே, பழகிடும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாளும் பழகவில்லை. அன்று சாயங்காலம் எங்களையும் கூப்பிட்டு வீடியோக்களைப் போட்டாள். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். அடிக்கடி மூக்கை உறிஞ்சினார். என் வீட்டுக்காரர் லினக்ஸைப் பற்றி ஆரம்பித்தார். நான் தொடையில் கிள்ளினேன்.

படம் முடிந்ததும், தானும் ஒன்று எடுக்க வேண்டும் என்று அவர் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கினார். பிள்ளை திரும்பியது. முகமெல்லாம் சிரிப்பு. "அத்தா" என்று சொல்லிக்கொண்டே நேராக நடந்து வந்து அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்த்தது.

அவர் கேமராவை இறக்கவில்லை. இறக்கினால் பிள்ளை ஓடிவிடுமோ என்று பயம். கண்ணீர் தாடையில் வழிய வழிய அப்படியே நின்றார்.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் வீட்டுக்குள் கேமராவும் கையுமாகத்தான் திரிந்தார். பேட்டரி தீர்ந்தாலும் முகத்துக்கு முன்னால்தான் பிடித்திருப்பார். பிள்ளை சிரிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார், அது முகம் சுளித்தால் மறுபடி ஏற்றிக்கொள்வார்.

ஏர்போர்ட்டுக்குப் போகக் கார் வந்த அன்று கேமரா கம்ப்யூட்டர் மேல் கிடந்தது. பிள்ளை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.