இரண்டு விரல் கிளட்ச்

சடையாண்டி முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவிலேயே கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்த ஒரே வண்டி, எழுபத்தாறாம் வருட மாடல் புல்லட். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்று எல்லாம் மாறிக் கிடக்கும் பழைய வார்ப்பு. தினமும் காலையில் அதை எடுத்துக்கொண்டு ஊரை ஒரு சுற்றுச் சுற்றி டீ குடித்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும்.

போன ஐப்பசி மழையில், மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவர் படியில் சறுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கை நேராகத்தான் இருந்தது, பிடிமானம்தான் போயிருந்தது. ரப்பர் பந்தை அமுக்கிப் பழகச் சொன்னார் டாக்டர். பந்துக்கு எதற்குக் காசு என்று அவர் மனைவி சிவனம்மாள் எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தார். பதினைந்து நாள் அந்த வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம்தான் ஓடியது. கைக்கு வலு வந்ததோ இல்லையோ, இருவருக்கும் பல் கூசியது.

பதினாறாம் நாள் புல்லட்டை வெளியே எடுத்தார். தெரு முனை வரைக்கும் சரியாகப் போனது. பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் நின்றபோது கிளட்ச் விரலை விட்டு நழுவியது, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை பின்னால் ஸ்கூட்டரில் நின்ற பெண் அன்பாகவே கேட்டாள், “தாத்தா, தள்ளி விடவா?” அன்று சடையாண்டி வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

கோயம்புத்தூரில் இருந்த மகன் புல்லட்டை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னான். சடையாண்டி போனைச் சிவனம்மாளிடம் நீட்டிவிட்டார். அன்று ராத்திரி ஒரு தோசையோடு எழுந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் பழனியில் ஒரு கல்யாணம். கணவன் மனைவி இருவரும் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் சடையாண்டியின் கண் டிரைவரின் காலைவிட்டு நகரவில்லை. டிரைவர் ஒல்லியான ஆள். அம்பது அறுபது பேர் ஏறிய பஸ்ஸின் கிளட்ச்சை அவர் சும்மா பாதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது சடையாண்டிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. தான் ஓட்டிய பஸ்ஸில் கிளட்ச்சுக்குக் கேபிள் கம்பி ஏது? மிதித்தால் ஆயில் அல்லவா போய்த் தள்ளும்? முப்பத்திரண்டு வருடம் அந்த ஆயில் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்தவர் அவர். புல்லட்டுக்கு மட்டும் எதற்குக் கம்பி?

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று எழுந்துவிட்டார். யாருக்கோ நெஞ்சு வலி என்று நினைத்து டிரைவர் ஓரம் கட்டினார். சிவனம்மாள் மடியில் மொய்க் கவரும் கையில் பூப்பையுமாகப் பார்த்துக்கொண்டே இருக்க, சடையாண்டி கீழே குதித்து, ரோட்டைத் தாண்டி, திண்டுக்கல் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார். கல்யாணத்தில் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் சிவனம்மாள், அவருக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்துவிட்டது என்று உள்ளதைச் சொன்னார். யாரும் நம்பவில்லை.

சடையாண்டி போய் நின்ற இடம் திண்டுக்கல் பேகம்பூரில் பர்ஹானாவின் லேத் பட்டறை. பர்ஹானாவுக்கு நாற்பது வயது இருக்கும். டிப்ளமா படித்துவிட்டுச் சொந்தமாகக் கடைசல் வேலை எடுத்துச் செய்பவர். எதைக் கொண்டுபோனாலும் முதலில் முடியாது என்பார். மறுநாள் செய்து வைத்திருப்பார். அன்றும் அப்படித்தான். புதுக் கம்பி போட ஒரு மணி நேரம் போதும், இம்புட்டுப் பாடு எதற்கு என்று கேட்டார். சடையாண்டி சாக்பீஸ் வாங்கித் தரையில் படம் போட்டார். மேலே கைப்பிடியில் ஒரு சின்னப் பிஸ்டன். பிடியை அழுத்தினால் அது ஆயிலைத் தள்ளும். மெல்லிய குழாய் வழியாக ஆயில் கீழே போய் இன்னொரு பெரிய பிஸ்டனை நகர்த்தும். அந்தப் பிஸ்டன் கிளட்ச்சை இழுக்கும். கீழே உள்ளது பெரிதாக இருப்பதால் கைக்குப் பாரம் தெரியாது. பர்ஹானா படத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவுமாறு சொல்லிவிட்டுக் கடையை மூடினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, நீங்க போட்ட படத்துல ஒரு தப்பு இருக்கு. வாங்க.”

தப்பு என்னவென்றால், மேல் பிஸ்டனுக்கு டிஸ்க் பிரேக் வண்டியின் கைப்பிடியை அப்படியே கழற்றி மாட்டலாம் என்று சடையாண்டி நினைத்திருந்தார். அதெல்லாம் வலது கைக்குச் செய்தது. இடது பக்கம் மாட்டினால் ஆயில் டப்பா தலைகீழாகத் தொங்கும். இடது கைக்கென்றே செய்த பிடி வேண்டும். அதைத் தேடி மூன்று நாள் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தார். நாலாம் நாள் ஒரு குவியலுக்கு அடியில், எதன் மேலோ மோதி நசுங்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று கிடந்தது. அதில் இரண்டு பக்கமும் டிஸ்க் பிரேக். இடது பிடியில் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கழற்றி, கோழிக்குஞ்சைக் கொண்டுவருவதுபோலச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். எழுபத்தாறாம் வருடப் புல்லட்டுக்கு மின்சார ஸ்கூட்டரின் உறுப்பு. பர்ஹானாவுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

கீழ்ப் பிஸ்டனைப் பித்தளையில் கடைந்தார் பர்ஹானா. எவ்வளவு பெரிது என்று கேட்டதற்கு, நல்லாப் பெரிசாவே போடு தாயி, கைக்கு நோவக் கூடாது என்றார் சடையாண்டி. மாட்டி முடித்ததும் பிடியைச் சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தார். வந்தது. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சுண்டுவிரலைக் காட்டினார். அப்புறம் வண்டியைக் கிளப்பி, கிளட்ச்சை முழுசாகப் பிடித்து, முதல் கியரைப் போட்டார்.

பிடித்த கிளட்ச் பிடித்தபடியே இருக்க, வண்டி கிளம்பிவிட்டது. எதிரே இளநீர்க் கடை. குவித்து வைத்திருந்த காய்களுக்குள் புல்லட் மூக்கை நுழைத்துப் படுத்துக்கொண்டது. காய்கள் சரிவில் உருண்டு ஓடின. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் புத்தகப் பையைப் போட்டுவிட்டு அவற்றை விரட்டினார்கள். பின்னால் ஒரு ஆடும் ஓடியது. கடைக்காரர் திட்டவில்லை, உடைந்த நாலு காயையும் வீணாக்காமல் நீயே குடித்துவிட்டுப் போ என்று வரிசையாக நீட்டினார்.

“நான் கிளட்ச்ச விடவே இல்ல தாயி” என்றார் சடையாண்டி, மூன்றாவது இளநீரில் ஸ்ட்ராவை வைத்துக்கொண்டே.

பர்ஹானா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் பட்டறைப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வந்த பிறகு விளக்கினார். பிஸ்டன் பெரிதானால் கைக்கு லேசாகத்தான் இருக்கும். ஆனால் அது நகரும் தூரம் குறைந்துபோகும். உள்ளே கிளட்ச் தட்டுகள் சரியாக விலகவே இல்லை. கொஞ்சம் சின்னதாகக் கடைந்தால் பிடி சற்றுக் கடினமாகும், வண்டி சொன்னபடி கேட்கும். “சுண்டுவிரல் வேணாம்ணே. ரெண்டு விரல் வச்சுக்குவோம்.”

சின்னப் பிஸ்டனை மாட்டிய அன்று, மத்தியானம் தாண்டியும் மனுசனைக் காணோமே என்று சிவனம்மாள் தூக்குவாளியில் சோறும் சுரைக்காய் வெஞ்சனமும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்தார். பர்ஹானாவும் சடையாண்டியும் வேர்த்து வடிய நின்றிருந்தார்கள். குழாய்க்குள் காற்று மாட்டிக்கொண்டிருந்தது. காற்று இருக்கும்வரை பிடி கொழகொழவென்றுதான் இருக்கும். அதை வெளியேற்ற ஒருவர் மேலே ஆயில் ஊற்ற வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும், இன்னொருவர் பிடியை அழுத்தி அழுத்தி விட வேண்டும்.

“மதினி, செத்த நேரம் இதப் பிடிங்க” என்றார் பர்ஹானா.

சிவனம்மாள் தூக்குவாளியை வைத்துவிட்டுப் பிடித்தார். அழுத்து என்றால் அழுத்தினார், விடு என்றால் விட்டார். கீழே பாட்டிலில் குமிழி குமிழியாகக் காற்று வந்தது. அந்த மும்முரத்தில் சடையாண்டி பெயிண்ட்டைத் தின்னும் அந்த ஆயிலைச் சிந்தி, டாங்க்கில் ஒரு நாணய அளவுக்குப் பச்சைப் பெயிண்ட் சுருங்கிப்போனது. வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் புலம்பியிருப்பார். நாற்பது தடவை அழுத்தியதும் குமிழி நின்றது. பிடி கெட்டியாகி நின்றது.

சிவனம்மாள் கையை எடுக்கவில்லை. இரண்டு விரலால் இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

“இம்புட்டுத்தானா இது?”

அவர் கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இருபது வருடம் டிவிஎஸ் ஃபிஃப்டியில் காய்மூட்டை ஏற்றிவந்தவர். புல்லட்டை ஒரே ஒரு தடவை கேட்டார், கல்யாணமான புதிதில். அப்போது கிளட்ச்சை அவரால் பாதிகூட இழுக்க முடியவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்திருந்தது. இப்போது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

“ஏ, உனக்கு கியரு தெரியாதுல்ல” என்றார் சடையாண்டி.

“முப்பது வருசமா பின்னாடி உக்காந்து வாரேன். எந்த மேட்டுல எந்த கியர் போடுவீகன்னு எனக்கு மனப்பாடம். கன்னிவாடி வளைவுல நீங்க போடுறது தப்பு, அதுவும் தெரியும்.”

ஹெட்லைட் மேலிருந்த ஆம்ப் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை உதைப்பானை மெல்ல அமுக்கிப் பார்த்து, பிறகு ஒரே உதை. புல்லட் கிளம்பியது. முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை மெல்ல மெல்ல விட்டார். தெருவைக் கடந்து, கடைக்காரர் இளநீரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, வளைவில் திரும்பி மறைந்தார். சடையாண்டி தெரு நடுவுக்கு வந்து எட்டி எட்டிப் பார்த்தார். தனக்கு வந்தது பயமா பொறாமையா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. சிவனம்மாள் முகமெல்லாம் பல்லாக வந்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கியர் வண்டிக்கு லைசென்ஸ் வேண்டுமே. எல்எல்ஆர் போட்டு, தினமும் காலையில் காலி மைதானத்தில் பழகினார் சிவனம்மாள். ஒரு நாள் அவர் ஓட்ட, ஒரு நாள் இவர் ஓட்ட. எலுமிச்சம்பழத்தால் ஆகாதது கிளட்ச்சால் ஆகி, சடையாண்டியின் கையும் மெதுவாகத் தேறியது.

டெஸ்ட் அன்று ஆர்டிஓ மைதானத்தில் இருபது பேர், எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். நடுவில் ஐம்பத்தாறு வயதுச் சிவனம்மாள், புல்லட்டோடு. பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பர்ஹானாவும் வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வண்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எட்டு போடுமாறு சொன்னார். சிவனம்மாள் கிளம்பினார். முதல் வளைவு, இரண்டாம் வளைவு. அவர் கிளட்ச் பிடிக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஓரத்தில் நின்ற சடையாண்டியின் இடது கை காற்றை இழுத்து இழுத்து விட்டது. சிவனம்மாளின் கால் தரையில் படவே இல்லை. எட்டு முடிந்து கோட்டில் வந்து நின்றபோது பிள்ளைகள் கை தட்டினார்கள்.

“இங்க வாங்கம்மா” என்று கூப்பிட்டார் இன்ஸ்பெக்டர். தட்டிய கைகள் நின்றன. அவர் கிட்டே வந்து, கிளட்ச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு தடவை. “எங்கப்பாவும் இந்த வண்டிதான் வச்சிருந்தாரு. கையே கழண்டுரும். இது எப்படி?”

அதன் பிறகு பத்து நிமிடம் பர்ஹானா பேசினார், இன்ஸ்பெக்டர் கேட்டார், மீதிப் பேர் வரிசையில் காத்திருந்தார்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் பழனிக்குக் கிளம்பினார்கள். சிவனம்மாள் முன்னால், சடையாண்டி பின்னால். அந்த ரோட்டில் ஆயிரக்கணக்கான தடவை போயிருக்கிறார். ஒரு தடவைகூடப் பக்கவாட்டில் பார்த்ததில்லை. ஒட்டன்சத்திரம் தாண்டியதும் வலதுபுறம் ஒரு குளம் இருப்பதையும், அதில் நிறைய வெள்ளைக் கொக்கு இறங்கியிருப்பதையும் அன்றுதான் கண்டார். கண்டதும் மனைவியின் தோளைத் தட்டி, கொக்கு, கொக்கு என்றார். சிவனம்மாளுக்குக் காற்றில் காதில் விழவில்லை. என்னவோ வேகமாகப் போகச் சொல்கிறார் என்று நினைத்து, கிளட்ச்சை லேசாகத் தொட்டு, நாலாவது கியரைப் போட்டார்.