உடைத்துவிட்ட உருண்டை

பருப்பு உருண்டைக் குழம்பைக் கொஞ்சமாக வைக்க எனக்குத் தெரியாது. மயிலாப்பூரில் இந்தச் சின்ன வீட்டில் நான் ஒருவன்தான் சாப்பிடுகிறேன். வைத்தால் அடுத்த நாளும் அதுதான்.

அது என் அத்தையின் குழம்பு. அப்பாவின் அக்கா. சின்ன வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். அவள் வைத்தால் குழம்பு கரண்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். நங்கநல்லூரில் இருந்த சித்திக்கு அது கைவரவே இல்லை. அதனால் சித்தப்பாவுக்கு நாக்கு கேட்கும்போதெல்லாம் வந்து அத்தையை அழைத்துப் போவார்கள். சாமான் அறையில் கொக்கியில் தொங்கும் மஞ்சள் பையில் புடவைகளைத் திணித்துக்கொண்டு, அப்போது நாங்கள் இருந்த மாம்பலத்தில் ரயிலேறப் புறப்பட்டுவிடுவாள். அவள் திரும்பும்வரை எனக்குச் சாதம் பிசைந்து கையில் போட ஆள் கிடையாது. அந்தப் பையை நான் வெறுத்தேன்.

ஒருநாள் சமையலறையில் எட்டிப் பார்த்தேன். கொதிக்கும் குழம்பில் உருண்டைகளை மிதக்கவிட்ட அத்தை, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசி உருண்டையைக் கையால் நசுக்கி உள்ளே உதிர்த்தாள். கலக்கக் கலக்கக் குழம்பு கெட்டிப்பட்டது.

அடுத்த முறை சித்தப்பாவும் சித்தியும் வந்து இலையில் உட்கார்ந்ததும் சித்தி ஆரம்பித்தாள்.

“என்ன மாயம் பண்றேள் அக்கா? நான் வெச்சா மட்டும் ரசமாட்டம் ஓடறதே!”

“அது கைப்பக்குவம்டி. சொல்லி வராது,” என்றாள் அத்தை.

“அப்போ கிளம்புங்கோ. எங்காத்துல பத்து நாள் இருந்து பண்ணிப் போடுங்கோ.”

அத்தையின் கண் கொக்கிப் பக்கம் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

“கைப்பக்குவமெல்லாம் இல்லை சித்தி! ஒரு உருண்டையை வேணும்னே உடைச்சு விடுவா. நான் பார்த்தேன்!”

இலைகளுக்கு மேல் சிரிப்பு வெடித்தது. “இவ்வளவுதானா! இனிமே நம்மாத்துலயும் கெட்டிக் குழம்புதான்,” என்றார் சித்தப்பா. அத்தையும் சிரித்தாள். “போட்டுக் குடுத்துட்டியேடா, படவா,” என்று என் காதைத் திருகினாள். வலிக்கவே இல்லை. அன்று மாலை அவர்கள் இருவர் மட்டும் ரயிலேறினார்கள்.

அதன் பிறகு நங்கநல்லூரிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். தினமும் கையில் சாதம் விழுந்தது. அத்தை அவ்வப்போது அந்தப் பையைத் துவைத்துக் காயப்போட்டு, மறுபடி கொக்கியில் மாட்டுவாள். எங்கேயும் போகாத பையை எதற்குத் துவைக்கிறாய் என்று கேட்டேன்.

“தூசி படியறதேடா,” என்றாள்.

எங்கள் வீட்டில் அவள் சமைப்பவள். நங்கநல்லூரில் விருந்தாளி. அங்கே சித்தி காப்பி கலந்து அவள் கையில் கொடுப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை, நானும் கொடுத்ததில்லை. இதையெல்லாம் யோசிக்கும் புத்தி எனக்கு வந்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

போன வாரம் அடையாறிலிருந்து மருமகள் ஃபோன் செய்தாள். “அப்பா, உருண்டைக் குழம்பு தண்ணியா போயிடறது. நீங்க என்ன பண்றேள்?”

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

“அது கைப்பக்குவம்மா,” என்றேன். “வேணும்னா நான் வந்து பண்ணித் தரட்டுமா?”



“அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்பா.”

பையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.