பனிக்குலத்தின் சட்டம்

சின்ன மாமா என்னைத் தன் குலத்தில் சேர்த்துக்கொண்டபோது எனக்கு எட்டு வயது. வடக்கே பனிமலையில் வாழும் கோடாரி வீரர்களின் குலம் அது. இருந்ததென்னவோ திருத்தணியில், எங்கள் வீட்டு மாடியறையில், அவருடைய பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள். இங்கே மின்விசிறி அனலை வாரி இறைக்கும். திரையில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். பனி எப்படியிருக்கும் என்று கேட்டேன். "கற்பூரத்த நுணுக்கிக் கொட்டினா மாதிரி இருக்கும்" என்றார். அவரும் பார்த்ததில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கல்லூரி முடித்து, எங்கள் வீட்டில் தங்கி ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் வெளியில் சொல்லிக்கொண்டிருந்தோம். விளையாட்டில் மந்திரவாதியாகலாம், வணிகனாகலாம். மாமா எப்போதும் அந்த வடக்கத்தி முரடர்களைத்தான் தேர்ந்தெடுப்பார். எதிரி வரும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டிக் கேடயத்தைத் தூக்குவது என் வேலை. அதைச் சரியாகவே செய்தேன்.

அந்தக் குலத்தின் சட்டங்கள் ஈவிரக்கமில்லாதவை. போரில் தோற்றவன் அடுப்பருகே உட்காரக் கூடாது. தானே எழுந்து பனிக்குள் போய்விட வேண்டும். போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அழக் கூடாது. மூன்று நாள் அவனைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் வெளியே கிளம்புகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அம்மா திட்டுவாள். ஆகவே எனக்கு அதில் விசித்திரமாக ஒன்றும் தெரியவில்லை.

நான்காவது முறையும் தேர்வு முடிவில் மாமாவின் எண் வரவில்லை. அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவரைப் பார்த்து என் நைனா அம்மாவிடம், "உன் தம்பிக்கு இன்னும் ரெண்டு கரண்டி வையி. மேல போய் சண்ட போடணும்ல" என்றார். நைனா கெட்டவர் இல்லை. அவருக்கு எதையும் கிண்டலாகத்தான் சொல்ல வரும். மாமா பாதித் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. எல்லோரும் காவடியோடு மலையேறிவிட்டார்கள். காலில் ஆணி குத்தியிருந்ததால் நான் மட்டும் மாமாவின் பொறுப்பில். பத்து மணி வாக்கில் தோளில் பையோடு இறங்கி வந்தார்.

"அம்மா மதியம் வந்துடும். நீ கதவ சாத்திகினு உள்ளயே இரு. நம்ம சட்டம் ஞாபகம் இருக்குதா?"

"ஆங்" என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். என் தலையில் கை வைத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

மதியம் எல்லோரும் திரும்பி வந்தபோது மேசையில் மாமாவின் கைபேசி இருந்தது. கூட்டத்தில் தொலையுமென்று வைத்துவிட்டு மலைக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்தார்கள். "மாமா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானாடி?" என்று அம்மா கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. மூன்று நாளும் அவரை மலையில் தேடினார்கள். ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லச் சொல்லிவிட்டு அம்மா படிக்கட்டில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அழக்கூட இல்லை. நான்காம் நாள் விடிந்ததும், பரீட்சையில் முதலாவதாக வந்தவளைப் போல எல்லாவற்றையும் சொன்னேன். நைனா சட்டையைப் போட்டுக்கொண்டு அரக்கோணம் ஸ்டேஷனுக்கு ஓடினார். அதற்குள் எத்தனையோ ரயில்கள் போயிருந்தன. அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. நைனா அதற்குப் பிறகு யாரையும் கிண்டல் செய்ததில்லை. பின்னால் கூப்பிடக் கூடாது என்று அம்மாவும் சொல்வதில்லை.

அவர்களிடம் ஒன்றை மட்டும் நான் சொல்லவே இல்லை. கேட்டைத் திறந்த மாமா அங்கேயே நின்றார். எனக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நின்றார். நான் நெஞ்சில் கை வைத்து, கோடாரி வீரர்களைப் போல விறைப்பாக நின்றிருந்தேன். கூப்பிடாமல் இருக்கிறேன் என்பதில் எனக்கு அத்தனை பெருமை. செருப்பு மாட்டத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

செருப்பை அவர் படியிலேயே மாட்டியிருந்தார்.