கிராம் அக்காவும் ஆறு பால்புட்டிகளும்

பேக்கரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிராம் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மாவு நிறுக்கும் மேசை பதினேழு வருடமாக அவள் ராஜ்ஜியம். பிசைந்து வரும் மாவை வெட்டி, ரொட்டி ஒன்றுக்கு நானூற்று அறுபது கிராம் என்று தராசில் வைத்துத் தள்ளிவிடுவாள். நானூற்று அறுபத்து மூன்று காட்டினால் அந்த மூன்றையும் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை. வெந்து வந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று அடுப்படி ஆள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள்தான். ஆனாலும் பாத்திரத்தின் எடையைக் கழித்து, உள்ளே இருப்பது எவ்வளவு என்று கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதை அவள் ஒளித்ததும் இல்லை.

தங்கையும் தங்கை புருஷனும் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே ஒரு சின்ன அறையில் அவளும் இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கைக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குட்டிமா என்று கூப்பிட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகு தங்கைக்குக் கடுமையான காய்ச்சல் வந்து, வீரியமான மாத்திரைகள் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அதனால் தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒற்றைப் புட்டியோடு வீட்டுக்கு வந்தார்கள். முதல் மாதம் குழந்தை மளமளவென்று எடை ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் மாதம்தான் எல்லாம் மாறியது. கிளினிக்கில் எடை பார்த்தபோது பதினைந்து நாளில் தொண்ணூறு கிராம்தான் கூடியிருந்தது. முந்நூறாவது ஏறியிருக்க வேண்டும் என்றார் அங்கிருந்த நர்ஸ். எவ்வளவு குடிக்கிறது என்று கேட்டார். ஒரு வேளைக்கு நூற்றிருபது மில்லி கலக்கிறேன், ஒரு நாளைக்கு ஏழு வேளை, கொஞ்சம்தான் மிச்சம் வைக்கும், வயிறு முட்டக் குடிக்கிறது என்று தங்கை சொன்னாள். நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"பவுடரைக் கம்மியாப் போட்டு தண்ணியக் கூட்டுறீங்களாம்மா? மறைக்காம சொல்லுங்க."

வரிசையில் உட்கார்ந்திருந்த மற்ற அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தங்கை குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, பஸ் ஏறி வந்து, வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் உடைந்தாள்.

வேலை முடிந்து வந்த அக்காவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் என்ன தப்பு பண்றேன்னு நீயே கூட நின்னு பாரு அக்கா. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

மறுநாள் அக்கா லீவு போட்டாள். பதினேழு வருடத்தில் அவள் லீவு போட்டதை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். காலையிலிருந்து தங்கையின் பக்கத்திலேயே, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். தங்கை முதலில் கொதித்து ஆறிய தண்ணீரை நூற்றிருபது கோடு வரை ஊற்றினாள். பிறகு நான்கு கரண்டி பவுடர். ஒவ்வொரு கரண்டியையும் கத்தியின் முதுகால் வழித்துச் சமமாக்கித்தான் போட்டாள். டப்பாவில் எழுதியிருந்தபடி முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி. கணக்கு சரியாகவே இருந்தது. பேக்கரியில்கூட இவ்வளவு ஒழுங்காக நிறுக்கிற ஆளைத் தான் பார்த்ததில்லை என்று அக்காவுக்குத் தோன்றியது. அப்படியானால் பால் எங்கே போகிறது?

மத்தியானம் அவள் பேக்கரிக்கு ஒரு நடை போய் முதலாளியைப் பார்த்தாள். உப்பும் ஈஸ்ட்டும் நிறுக்கிற சின்னத் தராசு, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டிக்கொடுக்கும் தராசு, இரண்டு நாளைக்கு வேண்டும் என்று கேட்டாள். முதலாளி எதற்கென்று விசாரித்தார். குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். அவர் சிரிக்கவில்லை. தராசோடு, அதைச் சோதிக்கிற இருநூறு கிராம் படிக்கல்லையும் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தார். வியாழக்கிழமை தராசு திரும்பி வராவிட்டால் ரொட்டியில் உப்பு கரித்துவிடும், ஊர் வாயில் விழ வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்.

வந்ததும் படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்தாள். அடுத்த வேளைப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன் புட்டியை நிறுத்தாள்; கொடுத்த பிறகும் நிறுத்தாள். குழந்தையின் கழுத்தில் கட்டும் துணியையும் விடவில்லை, அதையும் முன்னும் பின்னும் நிறுத்தாள். துணி பதினான்கு கிராம் கூடியிருந்தது. கடைவாயில் ஒழுகியது அவ்வளவும் அந்தத் துணிக்குத்தான் போயிருந்தது. தங்கை புருஷன் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்தான். குழந்தையை விட்டுவிட்டுத் துணியைத் தராசில் வைத்திருக்கும் மனைவியின் அக்காவைப் பார்த்து, அடுத்து என்னை நிறுக்கப் போறீங்களா அக்கா என்று கேட்டான்.

ஒழுகியது சரி. அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று அவள் மனம் சொன்னது. ஏனென்றால் புட்டியின் எடையைக் கழித்துப் பார்த்தபோது இன்னொன்றும் உதைத்தது. உள்ளே இருந்த பால், நூற்றிருபது மில்லிக்கு இருக்க வேண்டிய எடையைவிட அதிகமாக இருந்தது. புட்டியைக் கழுவித் துடைத்துக் காயவைத்தாள். வெறும் புட்டி எண்பத்து நான்கு கிராம். நூற்றிருபது கோடு வரை வெறும் தண்ணீரை ஊற்றி மறுபடி வைத்தாள். இருநூற்று இருபத்தைந்து. மில்லிக்கு ஒரு கிராம் என்பது பேக்கரியில் தண்ணீர் ஊற்றுகிற யாருக்கும் தெரிந்த பாடம். அப்படியானால் உள்ளே இருப்பது நூற்று நாற்பத்தொன்று.

அவள் தன் கண்ணையே நம்பாமல் மூன்று முறை நிறுத்தாள். பிறகு அலமாரியின் அடியில் கிடந்த ஆஸ்பத்திரிப் புட்டியை எடுத்து, அதிலும் அதே கோடு வரை ஊற்றினாள். புட்டியின் எடை போக நூற்றிருபத்தொன்று. அதன்பின் புதுப் புட்டிகள் ஆறையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறிலும் கோடு தப்பு. ஒன்றுகூட நூற்று முப்பத்தெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

அந்த ஆறு புட்டிகளும் தங்கை புருஷனின் ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பரிசு. மேலே வாத்துப் படம், பக்கத்தில் பளபளவென்று எண்கள். முதல் மாத முடிவில்தான் அவை வீட்டுக்கு வந்திருந்தன. அன்றிலிருந்து தங்கை தன்னை அறியாமலே ஒவ்வொரு வேளையும் இருபது மில்லி தண்ணீரைக் கூடுதலாக ஊற்றியிருக்கிறாள். குழந்தை வயிறு முட்டக் குடித்தது. குடித்ததில் சத்து நீர்த்துப்போயிருந்தது; தண்ணீரால் வயிறு நிறைந்ததும் பவுடரில் ஒரு பங்கு மிச்சப் பாலோடு போய்விட்டது.

அக்கா தங்கையைக் கூப்பிட்டுத் தராசின் எதிரே உட்கார வைத்தாள். தண்ணீரை அவள் கையாலேயே ஊற்றச் சொன்னாள். எண்ணைப் பார்த்ததும் தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த எண் அவள் வயிற்றில் பாலை வார்த்தது. தங்கை புருஷனுக்குத்தான் முகம் தொங்கிப்போனது. நண்பர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டான். வாத்து நன்றாக இருக்கிறது, கணக்குத்தான் வராது என்று சொல்லுங்கள் என்றாள் அக்கா.

புதன்கிழமை மூவரும் குழந்தையோடு கிளினிக்குக்குப் போனார்கள். அக்காவின் பையில் ஆறு புட்டிகள், தராசு, படிக்கல். உள்ளே டாக்டரம்மாவும் அந்த நர்ஸும் இருந்தார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள் முன்னால் அக்கா அதுவரை நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

"சிஸ்டர், என் தங்கச்சி அளந்ததுல சொட்டுத் தப்பு இல்ல," என்றாள். "தப்பு புட்டியிலதான். நான் சொல்றத நம்ப வேணாம். உங்க ஊசியால நீங்களே அளந்து ஊத்திப் பாருங்க."

டாக்டரம்மா பெரிய ஊசிக் குழலை எடுத்து, தண்ணீரை அளந்து அளந்து புட்டியில் ஊற்றினார். நூற்றிருபது மில்லி ஊற்றிய பிறகும் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழேயே நின்றது.

"இத்தனை வருஷமா அம்மாக்களைத்தான் கேள்வி கேட்டிருக்கேன்," என்றார் டாக்டரம்மா. "புட்டியக் கேட்கணும்னு எனக்குத் தோணவே இல்ல."

நர்ஸ் எழுந்து வந்து தங்கையின் தோளில் கை வைத்தார். அன்றைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னார். பால் கடைவாயில் ஒழுகுகிறது என்று கேட்டதும், ஒழுகாமல் இருக்கச் சின்னத் துளை போட்ட காம்பு ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். வெளியே வந்ததும் வரிசையில் இருந்த ஒருத்தி, உள்ளே என்ன இவ்வளவு நேரம் என்று கேட்டாள். அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், ஏதோ கம்பெனியில் என்று தங்கை மழுப்புவது வழக்கம். அன்று கேட்காமலே சொன்னாள்.

"இவ எங்க அக்கா. பேக்கரியில மாவு நிறுக்கிறா. எங்க புட்டியில இருந்த தப்பைக் கண்டுபிடிச்சதே இவதான்."

அக்காவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குழந்தையின் காலுறையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள்.

பதினைந்து நாள் கழித்து குட்டிமா முந்நூற்று எண்பது கிராம் கூடியிருந்தாள். வாத்துப் புட்டிகளை வாங்கிய கடை, கோடு தப்பு என்று தெரிந்ததும் மீதிச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டது. கிளினிக்கில் ஒரு தராசு வாங்கி மேசை போட்டார்கள். புதன்கிழமை மத்தியானம் வந்து அம்மாக்களின் புட்டிகளைச் சோதித்துக் கொடுக்க முடியுமா என்று டாக்டரம்மா ஆள் விட்டுக் கேட்டார். முதலாளி அரை நாள் விடுப்புக் கொடுத்தார். கொடுத்ததை வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் சொல்லவும் செய்தார். முதல் மாதத்தில் வந்த நாற்பத்து மூன்று புட்டிகளில் ஒன்பதில் கோடு சரியில்லை.

மேசைக்குப் பின்னால் அவளுக்கென்று மெத்தை வைத்த நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காரவே இல்லை. நின்று பார்த்தால்தான் தண்ணீரும் கோடும் நேருக்கு நேர் தெரியும் என்று சொல்லி, அந்த நாற்காலியைப் புட்டியோடு வரும் அம்மாவுக்குத் தள்ளிவிட்டாள்.