மூன்றாவது நட்சத்திரம் வரை

பன்னிரண்டு வயதில் வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடத்தை நான் எங்கள் வீட்டில் எழுதியதில்லை. பொழுது சாய்ந்ததும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு, தகரத் தடுப்பைச் சுற்றிப் பக்கத்து வீட்டுக்குப் போவேன். எண்ணெய் விளக்குகள் இரண்டும் மங்கத் தொடங்கியிருக்கும். நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆன்ட்டியிடம் ஒரு சொல்லும் பேசாமல் மின்விளக்கைப் போட்டுவிட்டு மேசையில் நோட்டை விரிப்பேன். சற்று நேரத்தில் அவர் தம் பிரார்த்தனைப் புத்தகத்துடன் மேசையின் மறுமுனைக்கு வருவார். பாடம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு நான் வீடு திரும்புவேன்.

ஆன்ட்டியும் அவர் கணவரும் பம்பாய்ப் பக்கத்திலிருந்து வந்த யூதர்கள். கணவருக்குத் துறைமுகப் பட்டறையில் எஞ்சின் வேலை. எங்கள் தீவுக் குடியிருப்பான ஜங்லிகாட் முழுவதும் ஆன்ட்டியை ‘சனிச்சர்வாலி’, அதாவது சனிக்கிழமைக்காரி என்றே அழைத்தது. வெள்ளி மாலை கதிரவன் மறைந்தது முதல் மறுநாள் மாலை வானில் மூன்று நட்சத்திரங்கள் தெரியும்வரை அவர் தீ மூட்டமாட்டார், எழுதமாட்டார், காகிதம் கிழிக்கமாட்டார், வண்டியிலோ கப்பலிலோ ஏறமாட்டார். பிறரை ஏவிச் செய்விக்கவும் மாட்டார். பிறர் தமக்கென்று செய்துகொண்டதில் அவருக்கும் பயன் கிடைத்தால் குற்றமில்லை. அவருக்காகவே செய்தால் மட்டும் அதைத் தொடமாட்டார். அம்மா இந்த நுட்பத்தையெல்லாம் ஒரே மூச்சில் எனக்கு விளங்கவைத்திருந்தாள். “அவ கேக்கமாட்டா. நீ உனக்குன்னு லைட்டைப் போட்டுப் படி. அவளுக்கும் வெளிச்சம் கிடைச்சிட்டுப் போவுது.”

அப்பாவுக்கு மட்டும் இது பிடிவாதமாகத் தோன்றியது. விடியுமுன் நீராடிப் பதிகம் ஓதி முடிக்காமல் ஒரு வாய்த் தண்ணீர் பருகாதவர் அவர். பிரதோஷ மாலையில் தாம் வேலை பார்த்த பொதுப்பணித் துறையின் பெரிய அதிகாரியே ஆளனுப்பினாலும் கோவில் வாசலை விட்டு அசையமாட்டார். இருந்தும் அடுத்த வீட்டு நியமத்தைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வந்தது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை, ஆன்ட்டியின் தாயார் பம்பாயில் படுத்த படுக்கையாக இருப்பதாகக் கடிதம் வந்தது. கணவர் ஒரு படகைப் பழுதுபார்க்கக் கார் நிக்கோபார் போயிருந்தார். செவ்வாய்க்கு முன் திரும்ப வழியில்லை. அப்பா தாமாகவே அபர்டீன் பஜார் வரை நடந்து, யார் யாரையோ பார்த்து, கல்கத்தா கப்பலில் ஓர் இடம் பிடித்துவிட்டார். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்தது பதினைந்து நாள் கழித்து.

“ஷனிவார் நஹி, பாய்சாப்,” என்று சனிக்கிழமைப் பயணத்தை மறுத்தார் ஆன்ட்டி.

“தாயைப் பாக்கப் போறதுக்கு நாள் என்ன, கிழமை என்ன தங்கச்சி? ஆண்டவன் கோவிச்சுக்கிடவா போறான்?”

“கோவிக்கமாட்டான். ஆறு நாள் நான் ஓடுறேன், ஏழாம் நாள் நீ பாத்துக்கோன்னு அவன்கிட்ட விட்டுட்டு ஒக்காந்திருக்கேன். இத்தனை வருஷம் அப்படித்தான். இப்ப அம்மாவுக்கு முடியலைன்னதும், நீ தள்ளு, நானே பாத்துக்கறேன்னு அவன்கிட்ட எப்படி சொல்றது?”

ஆயினும் அப்பா கப்பலில் பிடித்த அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சனி மதியம் இரண்டு மணி வரை வைத்திருக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தந்தி வந்தது. தந்திச் சேவகர் கையெழுத்துக் கேட்டார். ஆன்ட்டி இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இன்று எழுதுவதில்லை என்றார். “லிக்னா நஹி ஆத்தா? அங்கூட்டா லகாவ், மாய்,” என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பதற்கான மைப்பெட்டியை அவர் பரிவுடன் திறந்தார். மூன்று மொழிகளை எழுதத் தெரிந்த ஆன்ட்டி அதற்கும் தலையசைத்து மறுத்தார். கடைசியில் அப்பா வந்து கையெழுத்திட்டார். ஒட்டிய உறை ஒட்டியபடியே மேசைமேல் கிடந்தது.

“உள்ள ‘உடனே வா’ன்னு இருந்தா என்ன செய்வே தங்கச்சி?”

“நட்சத்திரம் வந்ததும் படிப்பேன்.”

“கப்பல் நட்சத்திரத்துக்காக நிக்காது.”

“மாலூம் ஹை, பாய்சாப்,” என்றார் ஆன்ட்டி. தெரியும் என்று அவ்வளவு மெதுவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த அப்பா அம்மாவிடம் பொருமினார். “அதுல என்ன இருக்குன்னு ஒருவாட்டி தெரிஞ்சாப் போதும். தன்னால கிளம்பிருவா.” அதைக் கேட்டதும் நான் தீர்மானித்துவிட்டேன். ஆன்ட்டி கப்பலேற வேண்டும்; தம் அம்மாவைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் கை கட்டி நிற்குமிடத்தில் நான் செய்து முடிப்பேன். பக்கத்து வீட்டுக்கு ஓடி, ஆன்ட்டி உள்ளறைக்குப் போன நேரம் பார்த்து உறையை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டுக் கொல்லையிலிருந்த பாக்குமரத்தடிக்குப் போய்ப் பிரித்தேன்.

எங்கள் பள்ளி ஆங்கிலம் அந்த மூன்று வரிக்குப் போதுமானதாக இருந்தது. அம்மா வியாழன் இரவு காலமானார். அடக்கம் முடிந்தது. புறப்பட வேண்டாம்.

ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். தந்தியைத் திரும்பவும் உறையில் திணித்துப் பார்த்தேன், கிழிசல் மறையவில்லை. நிமிர்ந்தபோது ஆன்ட்டி கொல்லைப்படியில் நின்றுகொண்டிருந்தார். உறையை அவர் அதிகம் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

“பேட்டி, இதை யாருக்காகத் திறந்தே?” மகளே என்று அழைத்துத்தான் கேட்டார்.

அந்தக் கேள்வியின் இரு பக்கமும் எனக்குத் தெரியும். எனக்காக என்றால், நான் படித்ததை அவர் கேட்டுக்கொள்ளலாம். அவருக்காக என்றால் மாலை வரை கேட்கமாட்டார். வழக்கமாக எனக்கு மெய் ஒருபுறம் இழுக்கும், வசதி மறுபுறம் இழுக்கும். அன்று திருவருளால் இரண்டும் ஒரே பக்கம் நின்றன.

“உங்களுக்காகத்தான், ஆன்ட்டி.”

அவர் மூச்சை மெல்ல விட்டார். “அச்சா. அப்போ அது இப்ப எனக்கு இல்ல. மூணு நட்சத்திரம் வர்ற வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். யாருக்கும் சொல்லாதே. அப்பாவுக்கும். சொல்வியா?”

“சொல்லமாட்டேன்.”

தந்தியைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு அன்று பகல் முழுவதும் அவர் வீட்டிலேயே இருந்தேன். அவர் முந்தின நாள் கிண்டிவைத்த தேங்காய்ப்பால் அல்வாவைத் தட்டில் வைத்தார். உலர்திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த சாற்றை எனக்கும் ஊற்றினார். தம் பாஷையில் பாடினார். மேசையில் தாளம் போட என்னையும் அழைத்தார். எங்கள் தெருவில் யார் யார் எப்படி நடப்பார்கள் என்று நடந்து காட்டினார். அப்பாவின் நடை அப்படியே வந்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. “என்ன பேட்டி, உன் அப்பா இதைவிட வேகமா நடப்பாரா?” என்றார்.

இரண்டு மணிக்கு அப்பா வந்தார். மேசைமேல் நான் போட்டுவைத்திருந்த வெற்று உறையைக் கண்டுகொண்டார். “ஏட்டி, நீ பிரிச்சியா? என்ன போட்டிருக்கு?”

நான் ஆன்ட்டியைப் பார்த்தேன்.

“கேக்கேன்லா. சொல்லு.”

“சொல்லமாட்டேம்ப்பா.”

அதுவரை அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னதில்லை. அவர் கை ஓங்கினார். ஆன்ட்டி எழுந்து எனக்கும் அவருக்கும் இடையே வந்து நின்றார். “என் பேச்சைக் கேக்கறா, பாய்சாப். அவளை விடுங்க.”

“ரெண்டு பேரும் நல்லாச் சேந்தீங்க,” என்றார் அப்பா. “பெத்த தாய் முகத்தைவிட ஒரு நாள் பெரிசாப் போச்சு.” அந்தச் சொல்லுக்காக அவர் பிற்பாடு பல நாள் வருந்தினார். அப்போது செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியேறினார்.

அந்தக் கப்பலில் இனி எந்தப் பயனும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அப்பாவின் கோபம் அடங்கியிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நான்கு மணிக்குத் துறைமுகத்திலிருந்து கப்பலின் சங்கு ஊதியது. ஆன்ட்டி பாட்டை நிறுத்தவில்லை. ஒரு வரியை மட்டும் இரண்டு முறை பாடினார்.

எங்கள் தீவில் பொழுது சீக்கிரம் விழும். ஆறு மணிக்கெல்லாம் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றச் சனிக்கிழமைகளில் நட்சத்திரத்தை முதலில் கண்டு கத்துபவள் நான்தான். அன்றோ மேகத்தை வேண்டினேன். அப்பாவிடம் கேட்டுப் பழகிய இறைவன் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இந்த வானத்தை இன்று மூடிவை என்று இரந்தேன். மேற்கே ஒன்று தெரிந்தது. தென்னை மரத்துக்கு மேல் இன்னொன்று. மூன்றாவது நட்சத்திரம் மேகத்துக்குள் நுழைந்து நுழைந்து என்னைக் கொஞ்ச நேரம் காத்தது. பிறகு தெளிவாக வந்து நின்றது.

உள்ளே போய்ச் சொன்னேன். ஆன்ட்டி மெழுகுவர்த்தி ஏற்றினார். கிராம்பு நிறைந்த சிறு டப்பியைத் தாம் முகர்ந்து என்னிடமும் நீட்டினார். பிரார்த்தனை சொல்லி அந்த நாளை வழியனுப்பினார். பிறகு சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி, சுவரைப் பார்க்கும்படி திருப்பி மாட்டினார். தம் நாற்காலியை ஓரமாகத் தள்ளினார். வெறுந்தரையில் அமர்ந்தார். அதன் பிறகுதான் கையை நீட்டி, “இப்ப குடு, பேட்டி,” என்றார்.

சாவு நேர்ந்த வீட்டில் அவர்கள் கண்ணாடியைத் திருப்பி வைப்பார்கள், ஏழு நாள் தரையில் அமர்வார்கள் என்பது வெகு காலத்துக்குப் பின்புதான் எனக்குத் தெரியவந்தது. அன்று மாலை, பாவம், நாளெல்லாம் பாடிய களைப்பு என்று நினைத்தேன். தந்தியை அவர் கையில் வைத்தேன். பகல் முழுவதும் அவரிடமிருந்து ஒன்றை மறைத்துக் காத்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு அவர் பக்கத்தில் தரையில் போய் அமர்ந்தேன்.